படையலில் வைத்த மூன்றாவது பாட்டு

திவாகரனின் காரில் ஏறுகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ரேடியோவில் கை வைக்கக் கூடாது. ஒரு ஹெவி மெட்டல் ஆல்பத்தைப் போட்டான் என்றால் முதல் பாட்டின் முதல் இரைச்சலிலிருந்து கடைசிப் பாட்டின் கடைசி இரைச்சல்வரை அது ஓடியாக வேண்டும். வடக்கு மலேசியாவின் பாடாங் செராயில் கிளம்பி சுங்கைப் பட்டாணி போய்ச் சேர்ந்த பிறகும் ஆல்பம் முடியவில்லையென்றால், காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். கூட வந்தவன் மூத்திரம் முட்டிக்கொண்டு நெளிந்தாலும் அவனுக்கு அக்கறையில்லை.

"ஒரு பாட்ட மட்டும் கேக்குறவன் இருக்கானே, அவன் கறிக்கொழம்புல உருளக்கெழங்க மட்டும் பொறுக்கித் திங்கிறவன்டா" என்பான்.

அவனுடைய கூட்டாளி ரவிச்சந்திரன் அசர மாட்டான். "எனக்கு உருளக்கெழங்குதான் புடிக்கும். இப்ப அதுக்கு என்னாலா?"

ரவிச்சந்திரன் குடும்பத்துக்குச் சுங்கைப் பட்டாணியில் மோட்டார்சைக்கிள் சாமான் கடை. கடையின் மாடியில்தான் இவர்களுடைய இசைக்குழு பிறந்தது. ரவிச்சந்திரன் டிரம்ஸ், திவாகரன் கித்தாரும் குரலும். குழுவின் பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். தூக்கக் கலக்கத்தில் நிற்கிறவனை அதட்டி எழுப்புகிற சங்கீதத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

திவாகரனுக்கு முப்பத்தாறு வயது. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. கல்யாணம் கட்டவில்லை. அப்பா காளிதாசன் போன பிறகு அம்மா தேவகியோடு பாடாங் செராயில் ஒரு சின்னத் தரை வீட்டில் இருந்தான். வேலை நேரம் போக மிச்சமெல்லாம் அந்த மாடியில்தான். அப்படித் தலைகீழாக நின்று ஓர் ஆல்பம் செய்து முடித்தான். 'பலகைச் சுவர்' என்று பெயர் வைத்தான். எட்டுப் பாட்டு. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். நடுவில் மூச்சு விடக்கூட இடம் வைக்கவில்லை. யாரும் வெட்டி எடுத்துக் கேட்டுவிடக் கூடாது என்ற பிடிவாதம்.

எட்டும் சேர்ந்து ஒரே கதை. மெர்போக் பக்கம் ஒரு தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடொன்றில், பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த பையன், அந்தப் பக்கத்திலிருந்து கேட்டதெல்லாம்தான் கதை. இந்தப் பக்கம் இருந்தவன் திவாகரன். அந்தப் பக்கம் அவனுடைய அப்பாவும் அம்மாவும்.

காளிதாசன் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கு டிரைவர். கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்பார். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் டவுனிலிருந்து மிட்டாய் வாங்கி வருவார். தங்கமான மனுஷன் என்று தோட்டமே சொன்னது. தங்கத்தால் அடித்தாலும் வலிக்கத்தான் செய்யும் என்பது தோட்டத்துக்குத் தெரியாது. தேவகிக்குத் தெரியும். பலகைக்கு இந்தப் பக்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்த பையனுக்கும் தெரியும்.

மூன்றாவது பாட்டுக்குச் 'சட்டம்' என்று பெயர். அதில் ஒரு வார்த்தைகூடத் திவாகரன் எழுதியதில்லை. அப்பா அந்தப் பக்கத்தில் அம்மாவைப் பார்த்துக் கத்தியதை அப்படியே எடுத்து வைத்திருந்தான். பாட்டின் தொடக்கத்தில் அப்பாவின் சிரிப்பு வரும். ஒரு கல்யாண வீடியோவிலிருந்து எடுத்தது. வீட்டில் கையை ஓங்குவதற்கு முன் காளிதாசன் அதே மாதிரிதான் சிரிப்பார். பிறகு வார்த்தைகள். அந்த வார்த்தைகளைத் தெளிவாகப் பாடத் திவாகரனுக்கு நாக்கு வரவில்லை. அதனால் அடித்தொண்டையில் உறுமினான். மெட்டலில் அது ஒரு வசதி. உறுமினால் வார்த்தை யாருக்கும் பிடிபடாது, கோபம் மட்டும் போய்ச் சேரும். அந்த உறுமலுக்கு மீதி ஐந்து பாட்டு பதில் சொல்லும். ஆக, மூன்றாவதை மட்டும் தனியே கேட்டால் அடித்தவர் பேச்சுதான் மிஞ்சும், அடி வாங்கியவள் காணாமல் போய்விடுவாள்.

உலகம் அதைத்தான் தனியே கேட்டது.

ஆரம்பித்து வைத்தவள் லோகேஸ்வரி. சித்தப்பா முனியாண்டியின் மகள். மணப்பெண் அலங்காரம் செய்கிறவள், கையில் எப்போதும் போன். பாட்டின் தொடக்கத்தில் பெரியப்பாவின் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பெரியப்பா லாரிக் கதவில் சாய்ந்து நிற்கிற படத்தை ஒட்டி, 'மறக்க முடியாத சிங்கம்' என்று எழுதி டிக்டாக்கில் போட்டாள். அவ்வளவுதான். ஜிம்மில் இரும்பு தூக்குகிறவன் அந்தப் பாட்டை வைத்துத் தூக்கினான். மோட்டாரில் பறக்கிறவன் அதை வைத்துப் பறந்தான். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளெல்லாம் தங்கள் அப்பா படத்துக்குக் கீழே அதை ஓட்டினார்கள். அதற்குப் பெயரே 'அப்பா பாட்டு' என்றாகிவிட்டது. தொழிற்சாலைக் கேண்டீனில் ஒருவர் எழுந்து வந்து திவாகரனின் தோளைத் தட்டி, "பெத்தவருக்கு இதுக்கு மேல என்ன மரியாத செய்ய முடியும் தம்பி" என்றார். திவாகரன் சோற்றை மென்று விழுங்கினான்.

"முழு ஆல்பமும் கேளுங்க" என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தனும் கேட்கவில்லை.

சுங்கைப் பட்டாணியில் ஒரு மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு பாட்டு மட்டும் போதுமாம்.

"எட்டும் வாசிப்போம். இல்லன்னா ஒண்ணும் வேணாம்" என்றான் திவாகரன்.

"எவன்டா முக்கா மணி நேரம் நின்னு கேப்பான்?" என்றான் ரவிச்சந்திரன். "நம்மள யாராச்சும் கூப்புட மாட்டாங்களான்னு இத்தன வருஷம் ஏங்கிட்டு இருந்தோம். இப்ப கூப்புட்டா மொகத்த திருப்புவியா? என்னயும் கொஞ்சம் யோசிலா."

திவாகரன் போனான். மேடை ஏறினான். அம்மாவை நோக்கி எறியப்பட்ட வார்த்தைகளைத் தன் தொண்டையால் உறுமினான். கீழே அப்பாக்களும் மகன்களும் தோளில் கைபோட்டு ஆடினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். இன்னொரு தடவையும் பாடினான். இறங்கி வந்து கழிவறையில் வாந்தி எடுத்தான். இவ்வளவு ஆசையாகத் தானே கட்டிய வீட்டில், ஒரே ஓர் அறையில் தன்னை வைத்துப் பூட்டிவிட்டார்களே என்று பொருமினான். யாரிடம் போய்ச் சொல்வது? அது அப்பாவைப் புகழ்கிற பாட்டில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னால், முதலில் தலை குனியப்போகிறவள் தேவகி.

அங்கேதான் அவனுக்குக் கழுத்தில் சுருக்கு.

தேவகி அடி வாங்கியது ஒரு பாடு. அதை யாருக்கும் தெரியாமல் மறைத்தது அதைவிடப் பெரும்பாடு. பெண் பிள்ளைகள் யாராவது புருஷன்மாரைப் பற்றிக் குறைப்பட்டால், "எங்க வீட்டுக்காரரு கோவக்காரருதான். ஆனா ஒரு நாளு கை நீட்டுனதில்ல" என்பாள். பக்கத்தில் திவாகரன் இருந்தால் அவன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அவளுடைய நம்பிக்கை. பிள்ளை தூங்கிவிட்டான், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அந்த ஒரு காரியத்திலாவது தான் ஜெயித்துவிட்டோம் என்று அவள் இருந்தாள். அதைப் போய் உடைக்க அவனுக்கு மனசு வரவில்லை. ஊரையெல்லாம் பிடித்து உலுக்கி முழுசாகக் கேளுங்கள் என்றவன், அம்மா மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தான். இதுவரை வேண்டுதல் பலித்திருந்தது. அவன் கேட்கிற சங்கீதத்தைப் பன்றி கத்துகிற சத்தம் என்று சொல்லித் தேவகி ஒதுங்கியிருந்தாள்.

தீபாவளிக்கு முந்திய வாரம் அவள் லோகேஸ்வரியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னய்யா, அப்பாவுக்குப் பாட்டு கட்டியிருக்க. ஊரே கேட்டுருச்சு. பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ" என்றாள்.

திவாகரன் போனை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

"அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கு. ஒனக்கு அவரு மேல கோவமோ என்னமோன்னு நெனச்சிருந்தேன். செத்தப்பக்கூட நீ அழுவல. மனசுக்குள்ள இவ்ளோ வச்சிருந்திருக்க." அவன் கன்னத்தைத் தொட்டாள். "இந்தத் தீவாளிக்குப் படையல்ல இதையும் வைப்போம்."

"படையல்ல பாட்டா? யாராச்சும் வைப்பாங்களாம்மா?"

"சிகரெட்டு வைக்கிறோம், ஸ்டவுட்டு வைக்கிறோம். மவன் கட்டுன பாட்டு வைக்கக் கூடாதா?"

தீபாவளிக்கு முதல்நாள் செத்தவர்களுக்குப் படைப்பது அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உள்ளதுதான். ஆட்டுக்கறி, கருவாடு, வேட்டி, சட்டை, அவரவர் உயிரோடு இருந்தபோது எது இல்லாமல் இருக்க முடியவில்லையோ அது எல்லாம். படைத்துவிட்டுச் சூடம் காட்டி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர் வந்து நிம்மதியாகச் சாப்பிடுவார். ஊதுவத்தி எரிந்து முடிகிற நேரம்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. பாதியில் கதவைத் திறந்தால் அவர் பசியோடு எழுந்து போய்விடுவார், அந்த வருஷம் வீட்டுக்கு ஆகாது.

ஒரு பாட்டுதானே என்று திவாகரன் தன்னைத் தேற்றிக்கொண்டான். லோகேஸ்வரி போனில் வெட்டி வைத்திருக்கிற துண்டு. ஒரு நிமிஷம்கூட ஓடாது. சிரிப்பும் உறுமலும் வரும், நின்றுவிடும். மண்டபத்தில் அவ்வளவு பேர் முன்னால் சகித்ததை வீட்டில் ஒரு தடவை சகிக்க முடியாதா? அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பாட்டைத் துண்டாக வெட்டியவளுக்கு மனசுக்குள் நன்றி சொன்னான்.

படையலன்று சாயங்காலம் முனியாண்டியும் லோகேஸ்வரியும் வந்தார்கள். ஹாலில் காளிதாசனின் படத்துக்கு மாலை. அதன் முன்னால் பெரிய வாழையிலை. தேவகி காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் சமைத்திருந்தாள். முனியாண்டி ஸ்டவுட் எனும் கறுப்பு பீரைக் கிளாஸில் ஊற்றி நுரை அடங்கக் காத்திருந்தார். ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து, ஓர் இழுப்பு இழுத்து, அண்ணனுக்காகச் சாம்பல் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"தம்பி, பின்கதவச் சாத்திட்டு வாய்யா. பூன உள்ளாற வந்துரும்" என்றாள் தேவகி.

திவாகரன் சமையலறைக்குப் போய்ப் பின்கதவைச் சாத்தி, மேல்தாழ், கீழ்தாழ் இரண்டையும் போட்டுவிட்டு வந்தான். அவன் ஹாலுக்குள் கால் வைத்தபோது சூடம் எரிந்துகொண்டிருந்தது. அப்பாவின் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. போனிலிருந்து வருகிற சின்னச் சத்தமாக அது இல்லை. காளிதாசன் உயிரோடு இருந்தபோது பழைய பாட்டு கேட்கிற பெரிய சி.டி. ரேடியோ படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளேதான் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போன்ல வச்சா நடுவுல எவனாச்சும் கூப்புட்டுத் தொலப்பான்" என்றாள் தேவகி. "அதான் ஒன் அலமாரில இருந்த சி.டி.ய எடுத்தேன். லோகாதான் மூணாவது பாட்டுக்குத் தள்ளிக் குடுத்தா. அவரு ரேடியோல போட்டாத்தானே அவருக்குக் கேட்ட மாரி இருக்கும்."

திவாகரன் ரேடியோவை நோக்கி ஓர் அடி வைத்தான். "அம்மா, அது நிக்காதும்மா, தொடர்ந்து..."

"சூடம் அணையப் போவுது. கும்புட்டுட்டு வெளிய வா, வா." அவள் அவனை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். முனியாண்டி கடைசியாக வந்து கதவைச் சாத்தினார்.

வாசலில் கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. முனியாண்டி உட்கார்ந்து காலால் தாளம் போட்டார். "அண்ணன் வந்துட்ட மாரியே இருக்குலா" என்றார். லோகேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். தேவகி வாசல்படியில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் திவாகரன் உறுமிக்கொண்டிருந்தான். எந்த வார்த்தை எப்போது வருகிறது என்பது இந்தப் பக்கம் நின்ற திவாகரனுக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொன்றும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து மோதுகிறது, அவளோ லேசாகச் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பார்க்கப் பார்க்க அவனுக்குத் தன் தொண்டையையே பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

மூன்றாவது முடிந்தது. முடிந்தது தெரியாமல் நான்காவது ஆரம்பித்தது. நான்காவதில் பேச்சில்லை, கித்தார் மட்டும். ஐந்தாவதில் உறுமல்தான். ஆறாவதில்தான் ஆபத்து. ஆறாவதை அவன் தெளிவான குரலில் பாடியிருந்தான். உறுமிப் பார்த்தபோது அது பொய்யாகத் தெரிந்தது. குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் பாடித் தொலைத்திருந்தான்.

மெயின் சுவிட்சை அணைத்துவிடலாமா என்று நினைத்தான். அது ஹாலுக்குள்ளே இருந்தது. அணைத்தாலும் பயனில்லை. அந்த மூலையில் பிளக் கிடையாது, ரேடியோவுக்கு அம்மா புது பேட்டரி போட்டிருப்பாள். பின்கதவு? மேல்தாழ், கீழ்தாழ். அவனே போட்டது. ஜன்னலுக்குக் கம்பி. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி வாசலுக்கே வந்து நின்றான்.

"அம்மா, போதும்மா. தொறந்துருவோம்" என்றான்.

"ஊதுவத்தி இப்பத்தானே வச்சேன். என்னா அவசரம்? உக்காரு."

"பாட்டு முடிஞ்சிருச்சும்மா. இது வேற பாட்டு."

"இருக்கட்டுமே. இதுவும் நீ கட்டுனதுதானே. அப்பா கேக்கட்டும்."

இத்தனை வருஷமாக எந்த ஆல்பமும் நடுவில் நிற்கக் கூடாது என்று சண்டை போட்டவன், இந்த ஓர் ஆல்பம் எப்படியாவது சிக்கி நின்றுவிடாதா என்று ஏங்கினான். சி.டி.யில் ஒரு கீறலாவது இருக்கக் கூடாதா? அவன் வைத்திருந்த லட்சணத்தில் கீறல் எங்கே விழும்? துணி சுற்றி, பெட்டியில் போட்டு, அலமாரியில் பத்திரமாக அல்லவா வைத்திருந்தான்!

ஐந்தாவது பாட்டு கடைசிப் பகுதிக்கு வந்தது. டிரம்ஸ் ஒவ்வொன்றாக உதிர்ந்து அடங்கும் இடம். லோகேஸ்வரி கொண்டுவந்திருந்த பட்டாசுப் பை நாற்காலியடியில் கிடந்தது. திவாகரன் அதிலிருந்து ஒரு சரத்தை உருவினான்.

"டேய், என்னா பண்ற?" என்றாள் தேவகி. "படையல் நேரத்துல வெடிச்சா அப்பா உள்ளாற வர மாட்டாரு!"

அவன் காதில் வாங்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஓடி ரோட்டில் சரத்தைப் போட்டுக் கொளுத்தினான். படபடவென்று வெடித்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒரு குழந்தை வீறிட்டது. புகைக்கு நடுவே நின்று திவாகரன் இன்னும் வெடி, இன்னும் வெடி என்று பல்லைக் கடித்தான். சரம் என்ன, ஆல்பமா? சட்டென்று தீர்ந்துவிட்டது. தீர்ந்ததும் தெருவே கப்சிப் என்று ஆனது. வெடிச்சத்தத்தில் அடைத்திருந்த காதுகள் திறந்துகொண்டன. நாய்கூட வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியில், கதவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் தெள்ளத் தெளிவாக வந்தது.

குளியலறையில வழுக்கி விழுந்தேன்
படிக்கட்டுல வழுக்கி விழுந்தேன்
மழையே பெய்யாத மாசத்துலயும்
வழுக்கி விழுந்தேன் டிரசரய்யா

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடுகிறவருக்கு டிரசர் என்று பெயர். வீங்கிய கண்ணோடும், தூக்க முடியாத கையோடும் போய் நின்று தேவகி அவரிடம் சொன்ன அதே வாக்கியம். பையனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவாள். அவன் சுவரில் ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முனியாண்டியின் கால் தாளம் நின்றது. லோகேஸ்வரி பெரியம்மாவைப் பார்த்தாள், பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் அந்த நான்கு வரிகளும் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு தடவையும் கித்தார் கொஞ்சம் கனத்துக்கொண்டே போனது. குரல் மட்டும் அப்படியே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

தேவகி அசையவில்லை. கதவில் சாய்ந்திருந்த முதுகை மட்டும் நிமிர்த்திக்கொண்டாள். திவாகரன் கேட்டுக்குப் பக்கத்தில், புகைக்குள்ளேயே நின்றான். இத்தனை காலம் கட்டிக் காத்ததையெல்லாம் ஒரு சரவெடியால் தானே ஊர் கூட்டி உடைத்துவிட்டோம் என்று அவனுக்கு அழுகை முட்டியது. அம்மா இனி தன் முகத்தில் எப்படி விழிப்பாள், தான்தான் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தான்.

"திவா" என்று கூப்பிட்டாள் தேவகி.

"அம்மா."

"நீ தூங்கலியா?"

முப்பது வருஷத்துக்கு முந்திய ராத்திரிகளைப் பற்றித்தான் கேட்கிறாள் என்பது அவனுக்கு விளங்கியது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ரவிச்சந்திரன் எழுதிய பாட்டு, யார் கதையோ, என்று ஏதாவது. ஆனால் கதவுக்குப் பின்னால் அவன் குரலே அவனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஒரு நாளும் தூங்கலம்மா" என்றான்.

தேவகி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று லோகேஸ்வரி எழுந்து பக்கத்தில் போனாள். அழவில்லை. முந்தானையை இறக்கினாள்.

"மொதல்ல ஓடுன பாட்டுல கத்துனது... அவரு பேச்சா?"

"ஆமாம்மா. அவரு பேசுனதுதான். நான் ஒண்ணும் சேக்கல."

"அதுக்கா நான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள் தேவகி. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத மாதிரி சொன்னாள்.

முனியாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு அண்ணன் என்றால் உயிர். "இதெல்லாம் ஒரு பாட்டாடா? செத்தவர முன்னால வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? நல்ல நாளும் அதுவுமா, பெத்த அப்பன..." கையை உதறினார். "தள்ளு அண்ணி. நான் போய் அத நிறுத்திப்புட்டு வரேன்."

"கதவத் தொறக்காத தம்பி" என்றாள் தேவகி.

"அண்ணி, அசிங்கமா இருக்கு. அக்கம்பக்கம் கேக்குது."

"கேக்கட்டும்."

அவள் எழுந்தாள். அதுவரை சாய்ந்திருந்த கதவுக்குக் குறுக்கே, திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கதவைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது, உள்ளே இருக்கிறவர் வெளியே வரவும் முடியாது என்கிற மாதிரி நின்றாள். ஆறாவது பாட்டு முடிந்து ஏழாவது தொடங்கியது.

"இன்னும் எத்தன பாட்டுய்யா இருக்கு?" என்று மகனைக் கேட்டாள்.

"இதோட சேத்து ரெண்டும்மா."

"அண்ணி, சோறெல்லாம் ஆறிப்போவுது" என்றார் முனியாண்டி. குரலில் இப்போது கெஞ்சல்தான் இருந்தது. "அண்ணன் பசியோட ஒக்காந்திருப்பாரு."

"ஆறட்டும்" என்றாள் தேவகி. "ஆறுன சோத்த நான் எத்தன ராத்திரி தின்னுருக்கேன். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சாப்பிடட்டும்."